நீடாமங்கலம் கேட்

நாலு விநாடி பாக்கி. ஐம்பது, நாற்பத்தொன்பது.
முன்னால் இருந்தது நாங்கள்.
மன்னார்குடியின் ஏழாம் நம்பர்
பந்தைத் தட்டிக்கொண்டு வலப்பக்கமாக உள்ளே வந்தாள்.
நான் குறுக்கே நின்றேன்.
அல்லது, நின்றுகொண்டிருந்தேன்.
அல்லது, நிற்கப் போனேன்.
மூன்றில் எது என்பதுதான் வழக்கு.

விசில்.
நான் மல்லாந்து கிடக்கையில்
வளையத்தை ஒரு சுற்று சுற்றிப் பந்து உள்ளே இறங்கியது.
மாசிலாமணி சார் இரண்டு கையையும்
இடுப்பில் வைத்து நின்றார்.
ஃபவுல் என் பேரில். கூடையும் செல்லும்.
கூடுதல் எறிதலை அவள் வீணடித்தாள், அதனால் என்ன,
ஐம்பத்தொன்று, ஐம்பது.

கடைசி கும்பகோணம் பஸ்ஸில் ஏறினால்
டிரைவருக்குப் பின்சீட்டில் அவரேதான்.
சட்டைப்பைக்கு வெளியே விசில் கயிறு.
கூட்டுறவு வங்கியில் வேலை, வீடு நம் பக்கம்.
"ஊர்ப்பாசம்னு பேர் வந்துடக்கூடாதுன்னே
நம்மள வெட்டிட்டாரு" என்றாள் தில்லைக்கரசி,
அவர் காதில் விழும் அளவுக்கு,
விழவில்லை என்று அவர் இருந்துவிடும் அளவுக்கு.

நீடாமங்கலத்தில் கேட் போட்டிருந்தது.
என்றைக்குத்தான் போடவில்லை.
எஞ்சின் அணைந்ததும் பேச்சுக்கு இடம் விரிந்தது.
ரெண்டு காலும் ஊன்றியிருந்தது, நான் பார்த்தேன் என்றாள் ரிஸ்வானா.
அந்த நேரம் அவள் பெஞ்சில்
அண்ணாந்து தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தாள்.
இடது குதிகால் நகர்ந்தது, ஆனாலும்
மோதியது அவள்தானே என்றார் கோச் மேடம்.
விதைநெல் மூட்டைமேல் உட்கார்ந்திருந்தவர் கேட்டார்:
"வழியில நின்னது தப்பா, வந்து இடிச்சது தப்பா?
எங்க வாய்க்கால் தகராறும் இதேதாம்மா.
பதினோரு வருஷமா திருவாரூர் கோர்ட்ல கெடக்கு."

இறங்கிவிட்டோம்.
பின்னால் நின்ற லாரி வெளிச்சத்தில்
செங்கல் துண்டால் ரோட்டில் கோடு கிழித்தாள் ஜெனோவா.
காயப்போட்டு மூடியிருந்த நெல்லை மிதிக்காமல்
அவளே ஏழாம் நம்பராக ஓடி வந்தாள்.
ஐந்து முறை.
ஒவ்வொரு முறையும் நான் வேறு மாதிரி விழுந்தேன்.
இப்படி இல்லை, இன்னும் சாய்ந்து.
இப்படியும் இல்லை, கையை மடக்கி.
முறுக்கு விற்கிறவர் உட்பட
என் காலுக்குப் பதினெட்டு சாட்சிகள்.
கால் மட்டும் வாய் திறக்கவில்லை.

கடலைப் பொட்டலத்தோடு அவர் வந்து கோட்டருகே நின்றார்.
பேச்சு அப்படியே நின்றது.
"இன்னொரு தடவை நில்லும்மா."
நின்றேன்.
என் காலையே ரொம்ப நேரம் பார்த்தார்,
பஸ்ஸில் விட்ட குடையைத் தேடுகிறவர் போல.
"நான் உன் தோளைப் பார்த்தேன். தோள் திரும்பிச்சு.
காலைப் பார்க்கல. பார்த்திருக்கணும்."
"அப்ப தப்புங்கிறீங்களா சார்?"
"ஃபவுல் ஃபவுல்தான்."
உள்ளங்கையில் கடலைத் தோலை ஊதினார்.
"நீ சொல்லேன். கால் நின்னுச்சா?"

ஆமாம் என்பது
நாக்கு நுனியில் தயாராகத்தான் இருந்தது.
தோழிகள் அத்தனை பேரும் அதை
ஏற்கெனவே என் வாயில் வைத்திருந்தார்கள்.
"தெரியல சார்" என்றேன்.
தில்லைக்கரசி முழங்கையால் விலாவில் ஓர் இடி இடித்தாள்.
அது ஃபவுல். அதில் சந்தேகமே இல்லை.

அப்புறம் சரக்கு ரயில் வந்தது,
நெல்லா நிலக்கரியா தெரியாத இருட்டில்,
தகரமும் தகரமுமாக, முடிவே இல்லாமல்.
நாற்பத்திரண்டு பெட்டி என்றாள் ரிஸ்வானா.
நாற்பத்து மூணு என்றார் மூட்டைக்காரர்,
எஞ்சினை எண்ணியா எண்ணாமலா என்று சொல்லாமல்.
கேட் தூக்கினார்கள்.
கண்டக்டர் விசில் ஊதினார், ஒரே ஊது.
ஒருத்தரும் எதிர்த்துப் பேசவில்லை.
விழுந்தடித்து ஏறினோம்,
எங்கள் எல்லோருக்கும் முன்னால் மாசிலாமணி சார்.

நாற்பத்திரண்டா, நாற்பத்து மூன்றா என்பது மட்டும்
வலங்கைமான் வரை கூடவே வந்தது.